மஞ்சப்பையோடு நிற்காமல் ஏசி கேஸையும் கொஞ்சம் பாருங்கள்

கடைக்குத் துணிப்பை கொண்டுபோவது நல்ல பழக்கம். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்த பிறகு நிறையப் பேருக்கு அது கைவந்துவிட்டது. சாக்கடை அடைபடாமல் இருக்கவும் மாட்டின் வயிறு பிழைக்கவும் அது தேவைதான். ஆனால் பூமி சூடாவதில் உங்கள் வீட்டின் பங்கைக் குறைக்க வேண்டும் என்றால், முதலில் பார்க்க வேண்டியது பால்கனிச் சுவரில் தொங்கும் ஏசி அவுட்டோர் யூனிட்டை. அது இழுக்கும் கரன்ட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குள் சுற்றிவந்து அறையைக் குளிரவைக்கும் கேஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். கேஸின் பெயர் ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 என்று ஏதோ ஒன்று இருக்கும், பக்கத்திலேயே எத்தனை கிலோ என்றும் இருக்கும். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியில் ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் கலந்தால், நூறு ஆண்டுகளில் பூமியைச் சூடாக்கும் அளவில் அது 2,088 கிலோ கார்பன்-டை-ஆக்சைடுக்குச் சமம். ஆர்-22 என்றால் 1,810. கூடவே ஓசோன் படலத்துக்கும் கேடு. இப்போது பரவலாக வரும் ஆர்-32 பரவாயில்லை, 675.

கரன்ட்டோடு ஒப்பிட்டால்தான் இதன் அளவு புரியும். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு. ஒன்றரை டன் ஐந்து ஸ்டார் ஏசி வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் 800 யூனிட்டை ஒட்டி எடுக்கும், அதாவது 560 கிலோ. ஒரு கிலோ ஆர்-410ஏ-வை ஐந்து நிமிடத்தில் 'புஸ்' என்று திறந்துவிட்டால் மூன்றரை வருடத்துக்கும் மேல் ஏசி ஓட்டியதற்குச் சமமாகிவிடுகிறது. 24-இல் வைப்பதா 26-இல் வைப்பதா என்று வீட்டில் சண்டை போட்டு மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். (26-இல் வைத்து ஃபேனைப் போடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் கரன்ட் குறையும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.)

கேஸ் அதிகமாக வீணாவது வீடு மாற்றும்போது. அவசரத்தில் வரும் மெக்கானிக் ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்திவிடுவார், அவ்வளவுதான். அமெரிக்காவில் இப்படி வேண்டுமென்றே வெளியே விடுவது சட்டப்படி குற்றம். இங்கே கேட்க ஆளில்லை, ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். 'பம்ப் டவுன் பண்ணித்தான் கழற்றணும்' என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். கேஸ் முழுவதையும் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இழுத்துப் பூட்டும் வேலை அது, கால் மணி நேரம்கூட ஆகாது.

ஏசியைக் கூலிங் மோடில் 16-இல் வைத்து ஐந்து பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். அவுட்டோர் யூனிட்டில் சேரும் இரண்டு குழாய்களில் தடித்த குழாயின் சர்வீஸ் முனையில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் வலப்பக்கம் திருப்பி முழுக்க மூட வேண்டும். கேஜ் முள் இறங்க ஆரம்பிக்கும். ஓரிரு நிமிடத்தில் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே பவரை நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் நட்டைத் தொட வேண்டும். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நட்டைத் தளர்த்தினால் காற்று உள்ளே இழுக்கப்படும். காற்றும் ஆயிலும் கேஸும் அழுத்தத்தில் சேர்ந்தால் கம்ப்ரஸர் வெடிக்கும். அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அதனால் இதை நீங்களே யூடியூப் பார்த்துச் செய்ய வேண்டாம். மெக்கானிக் செய்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்க இவ்வளவு தெரிந்தால் போதும். குழாயில் ஏற்கெனவே லீக் இருந்தாலும் பம்ப் டவுன் கூடாது, காரணம் அதே காற்றுதான். கம்ப்ரஸர் செத்துப்போன ஏசியில் இது நடக்கவே நடக்காது. கேஸை உறிஞ்சி எடுக்கும் ரெகவரி மெஷினும் அதைப் பிடித்து வைக்கக் காலி சிலிண்டரும் வேண்டும், தெரு முனைக் கடையில் அது இருக்காது, கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள்.

புது வீட்டில் மாட்டும்போது இன்னொரு குறுக்கு வழி உண்டு. குழாயில் இருக்கும் காற்றை வேக்கம் பம்ப் வைத்து உறிஞ்சுவதற்குப் பதிலாக, வால்வைக் கொஞ்சம் திறந்து கேஸை விட்டே காற்றைத் தள்ளுவது. கேஸும் போகும், ஈரமும் முழுசாக வெளியேறாது. அந்த ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸர் மோட்டாரின் கம்பிச் சுருளை (வைண்டிங்) அரிக்கும். வேக்கம் பம்ப் குறைந்தது இருபது நிமிடம் ஓட வேண்டும். நிறுத்திப் பத்து நிமிடம் விட்டும் கேஜ் முள் ஏறாமல் நின்றால்தான் வால்வைத் திறக்கலாம். முள் ஏறினால் எங்கோ லீக் என்று அர்த்தம்.

அடுத்தது, ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் 'கேஸ் டாப்-அப்'. ஏசி பெட்ரோல் வண்டி இல்லை. அதில் கேஸ் செலவாகாது. சரியாக மாட்டிய ஏசி பத்து வருடம் கழித்தும் அதே கேஸில் ஓடும். குறைந்திருந்தால் அது லீக். கூலிங் இல்லை என்றாலே கேஸ் இல்லை என்றும் அர்த்தமில்லை. ஃபில்டர் அடைப்பு, அவுட்டோர் காயிலில் தூசி, பழைய மாடலாக இருந்தால் தளர்ந்துபோன கப்பாசிட்டர் என்று முதலில் பார்க்க வேண்டியவை வேறு. காயிலைத் தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகே கேஸைப் பற்றிப் பேச்சு.

கேஸ் நிஜமாகவே குறைந்திருந்தால், லீக்கைக் கண்டுபிடிக்காமல் ஏற்றவிடாதீர்கள். ஏற்றும் கேஸ் முழுவதும் அதே ஓட்டை வழியாக ஆகாயத்துக்குத்தான் போகும், அடுத்த வருடம் மறுபடியும் பணம் கட்டுவீர்கள். பெரும்பாலும் லீக் இருப்பது, விரித்த குழாய் வாயை யூனிட்டோடு இணைக்கும் ஃபிளேர் நட்டில். குழாயின் வாயை ஒழுங்காக விரிக்காமலோ பிசிறு எடுக்காமலோ விட்டிருப்பார்கள், அல்லது அளவுக்கு மீறி முறுக்கி விரிசல் விட்டிருக்கும். அந்த இடத்தில் எண்ணெய்க் கசிவு தெரியும். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். வால்வின் பித்தளை மூடியைத் திரும்பப் போடாமல் போவதும் ஒரு காரணம், வீட்டுக்காரரே போய்ப் பார்க்கலாம். கடற்கரையோரத்திலும் கழிவுநீர்க் கால்வாய் பக்கத்திலும் காயிலே அரித்துவிடும். அங்கே அவுட்டோர் யூனிட்டுக்கு இடம் பார்த்து வைக்க வேண்டும்.

லீக்கை அடைத்து, வேக்கம் போட்டு, பிறகு ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடைபோட்டு ஏற்ற வேண்டும். கேஜில் அழுத்தம் மட்டும் பார்த்து ஏற்றுவது இன்வெர்ட்டர் ஏசிக்கு ஒத்துவராது, கம்ப்ரஸரின் வேகம் மாற மாற அழுத்தமும் மாறும். குழாய் வழக்கத்தைவிட நீளம் என்றால் மீட்டருக்கு எத்தனை கிராம் கூட்ட வேண்டும் என்பது ஏசியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

இதற்கெல்லாம் மெக்கானிக்கைத் திட்டுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. பயிற்சி வாங்கி, வேக்கம் பம்பைத் தோளில் சுமந்து மூன்றாவது மாடி ஏறி வருகிறவரிடம், 'பக்கத்துத் தெருவில் முந்நூறு ரூபாய் குறைவு' என்று பேரம் பேசுவது நாம். குறைந்த கூலிக்கு வருகிறவர் குறுக்கு வழியில்தான் முடிப்பார்.

பழைய ஏசியைக் காயலான் கடைக்குப் போடுவதும் இதே கதைதான். அங்கே செம்புக் குழாயை வெட்டும் நொடியில் கேஸ் போய்விடும். மின்கழிவு விதிகளின் கீழ் ஏசியும் வருகிறது; பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் பழையது எங்கே போகிறது என்று கேளுங்கள். பழைய ஏசிக்குக் கிடைக்கும் விலை ஐந்நூறு ரூபாய் குறையலாம்.

ஃபிரிட்ஜைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். இப்போதைய மாடல்களில் இருப்பது பூமியை மிகக் குறைவாகவே சூடாக்கும் ஆர்-600ஏ, அதுவும் சில பத்து கிராம்தான். கார் ஏசி வேறு மாதிரி. ரப்பர் ஹோஸ், சுழலும் ஷாஃப்ட் சீல் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கசிவது இயல்பு, அதனால் சில வருடத்துக்கு ஒருமுறை கேஸ் ஏற்றுவது நியாயமே. வருடா வருடம் ஏற்றச் சொன்னால் கண்டென்சரையும் ஓ-ரிங்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். மீதி இருக்கும் கேஸைத் திறந்துவிட்டுப் புதிதாக ஏற்றுகிறவரா, மெஷினில் உறிஞ்சி எடுக்கிறவரா என்பதை வண்டியை விடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.