நுங்குத் தண்ணீர் வியர்க்குருவுக்கு மட்டும்

"வியர்வை அடைத்துத்தான் கட்டி வருகிறது, நுங்குத் தண்ணீர் தடவினால் போதும், கத்தி பட்டால் புற்றாகிவிடும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அண்ணாச்சி. அடைப்பால் வருவது வியர்க்குரு. அதற்குத் தாராளமாகத் தடவுங்கள், நானும் தடவுகிறேன். வியர்வைச் சுரப்பியில் வரும் புற்று வேறு, மிக அரிது. அதில் ஒரு வகையான போரோகார்சினோமாவை 1963-இல்தான் பிங்கஸ், மெஹ்ரேகன் என்ற தோல் மருத்துவர்கள் விவரித்தார்கள். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும், அதிகமும் காலில். பல ஆண்டுகள் சாதுவாகக் கிடந்த கட்டியிலிருந்தும் கிளம்பும்.

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் என் மாமாவுக்குக் குதிகால் ஓரத்தில் சுண்டைக்காய் அளவில் சிவந்த கட்டி. செருப்பு வார் உரசினாலே இரத்தம் கசியும். மரு என்று நினைத்து நூல் கட்டிப் பார்த்தே எட்டு மாதம் போனது (யோசனை சொன்னவர்களில் நானும் ஒருவன்). சிறு துணுக்குச் சதை எடுத்துச் சோதித்த பிறகுதான் பெயர் தெரிந்தது. கத்தி அதைப் புற்றாக்கவில்லை; ஏற்கெனவே புற்றாக இருந்ததைக் காட்டிக்கொடுத்தது. சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து அகலமாக வெட்டி எடுப்பதே முதன்மைச் சிகிச்சை. தாமதித்தால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி பஸ் தூரத்தில்தானே இருக்கிறது?