சால்ட்டேர் வீடுகளுக்கு வாடகை உண்டு

நேற்றுப் பின்னூட்டச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். 'தொழிலாளிகளுக்கு இலவச வீடு கட்டித்தந்த மகான் டைட்டஸ் சால்ட்' என்று படம் போட்டிருந்தார்கள். 'வாடகை வாங்கினாரே' என்று ஒரே வரிதான் எழுதினேன். 'நன்றி கெட்ட கூட்டம்' என்று பதில் வந்தது. சரி, இப்போது நன்றியோடேயே எழுதுகிறேன்.

சால்ட் பெரிய ஆள்தான், இங்கிலாந்தின் ஆலை முதலாளி. அல்பாக்கா என்ற தென்னமெரிக்க விலங்கின் ரோமத்தில் பளபளக்கும் துணி நெய்து கொழித்தவர். 1848இல் பிராட்ஃபோர்டு மேயர், அடுத்த வருடமே ஊரில் காலரா. புகையும் சாக்கடையுமாய்க் கிடந்த அந்த ஊரை விட்டு வெளியே, ஏர் ஆற்றங்கரையில் 1853இல் புது ஆலை திறந்தார். அப்புறம் அதைச் சுற்றி சால்ட்டேர் என்று ஓர் ஊரையே கட்டினார்: 800க்கும் மேற்பட்ட கல்வீடுகள், குளியலறைகள், சலவைக்கூடம், பள்ளி, பூங்கா. தெருக்களுக்கு மனைவி, பிள்ளைகள் பெயர் (தன் பெயரையும் விடவில்லை). பிராட்ஃபோர்டுச் சந்துகளோடு பார்த்தால் சொர்க்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் வாடகை உண்டு. இலவசமில்லை.

ஊருக்குள் மதுக்கடை கூடாது என்றதையும் புகழ்கிறார்கள். என் அப்பாவும் குடிக்காதவர்தான், பிரச்சினை குடியில்லை. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் நீ முதலாளியின் ஊரில்தான் இருக்கிறாய், அதைச் சொல்கிறேன்.

'மக்கள் மதிக்காமலா 1859இல் எம்.பி. ஆக்கினார்கள்?' ஐயா, அன்றைக்குப் பெரும்பாலான தொழிலாளிகளுக்கு ஓட்டே கிடையாது.

'1877இல் இறுதி ஊர்வலத்துக்கு லட்சம் பேர் திரண்டார்களே?' திரண்டார்கள். அழுதும் இருப்பார்கள். எங்கள் மில் முதலாளி செத்தபோது நாங்களும்தான் அழுதோம்.

ஆமாம், நான் மில் லைன் வீட்டில் வளர்ந்தவன். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்தவன். ஒற்றை அறை, சமையலுக்கு ஒரு தடுப்பு, சம்பளத்திலேயே வாடகைப் பிடித்தம். கை போய் அப்பா வேலையை விட்டபோது ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மறுபடி நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன். அம்மா வைத்த முருங்கை அந்த வருடம்தான் முதல் காய் விட்டிருந்தது. சாமான் ஏற்றிய பிறகு, பறித்துக்கொள்ளலாமா என்று அம்மா வாட்ச்மேனிடம் போய்க் கேட்டாள். தான் நட்ட மரம், தான் ஊற்றிய தண்ணீர், கேட்டுவிட்டுப் பறித்தாள். ஆறு காய்.

'வேலை போனால் வீடு எதற்கு, நியாயம்தானே' என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். எழுதுங்கள். சால்ட்டை நான் திட்டவே இல்லை, திரும்பப் படித்துப் பாருங்கள். அந்தப் படத்தில் 'இலவச' என்பதை மட்டும் அழியுங்கள்.