அப்பாயியின் டிரங்குப் பெட்டி
இன்றைய பிள்ளைகள் பூர்வீகம் தேடுவதெல்லாம் சாதிப் பெருமைக்குத்தான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது எங்களுக்குப் பொருந்தாது. கோத்தகிரியில் எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள். ஏன் என்று இருபது வயதுவரை எனக்குத் தெரியாது. அப்பாயியின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோதுதான் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்குத் தந்த குடும்ப அட்டை கிடைத்தது. மஞ்சளேறிய போட்டோவில் அப்பா கைக்குழந்தை. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறக்கிய கப்பல், மண்டபம் முகாம், பிறகு டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பு என்று ஒவ்வொன்றாக அப்பாயியிடம் கேட்டு எழுதி வைத்தேன். அதுவரை அவர் வாயே திறந்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் 'பழசைக் கிளறி என்ன கிடைக்கப் போகுது' என்கிறார். தம்பிக்குச் சாதிச் சான்றிதழ் கிடைத்தது ஐயா, தாலுகா ஆபீசில் முதலில் கேட்டதே அந்த அட்டையைத்தான்.