எட்டாவது வள்ளலின் பெயர்

என் பெயர் குமணன். இதைச் சொன்னதும் "குமரனா?" என்று திருப்பிக் கேட்காத தமிழரைச் சந்திப்பது அரிது, "கூமான்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொள்ளாத மலாய்க்காரரைச் சந்திப்பது அதைவிட அரிது. மலாய் அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கூமான் என்றால் நோய்க்கிருமி. சவர்க்கார விளம்பரங்களில் 99.9 விழுக்காடு அழிந்துபோவதாகக் காட்டுகிறார்களே, அந்தச் சொல்தான். இந்தப் பெயரோடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட எனக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு பேரன் பிறந்தான். அவனுக்கும் இதே பெயரை வைக்கப்போவதாக என் மகன் அறிவித்த நாள்முதல் இரண்டு குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவிலும் ஓயாமல் நடக்கும் வழக்குதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

முறைப்படி பார்த்தால் என் பெயர் மாரிமுத்து என்று இருந்திருக்க வேண்டும். என் தாத்தாவின் பெயர் அது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் 'பெயரன்' என்று ஆகி, அது பேச்சில் 'பேரன்' என்று தேய்ந்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் என்ற எங்கள் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் ஒரு லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு) இரண்டு மாரிமுத்து, ஒரு முனியாண்டி, ஒரு வீராசாமி என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணிவிடலாம். மூத்த பேரனான என் தலையில் வந்து இறங்கவிருந்த மாரிமுத்துவை நிறுத்தியவர் என் அப்பா. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, ரப்பர்ப் பால் வெட்டி, வாளி தூக்கிய மனிதர்; மாலையில் தோட்டத்துப் படிப்பகத்தில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, பத்துப் பேராக உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவர். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில், தனிநாயகம் அடிகளின் முயற்சியால் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது. அப்பா அங்கே போகவில்லை. போக யார் விடுப்புக் கொடுப்பார்கள்? ஆனால் அந்த வாரம் முழுவதும் படிப்பகத்தில் கேட்ட செய்திகள் அவரை ஏதோ செய்துவிட்டன. ஈப்போவுக்குப் பேருந்தில் போய் உரையோடு கூடிய புறநானூறு ஒன்றை வாங்கி வந்தார். மறு ஆண்டு நான் பிறந்தேன்.

தோட்ட அலுவலகத்தில் கிராணியார், அதாவது எழுத்தர், "குமரன்தானே?" என்று மூன்று முறை கேட்டாராம். அப்பா மூன்று முறையும் மூன்று சுழி 'ண'வை அழுத்திச் சொல்லியிருக்கிறார். ஆனால் பிறப்புப் பத்திரம் ரோமன் எழுத்தில்தான் இருக்கும் என்பதால், அவர் அழுத்திய அந்த எழுத்து அன்றைக்கே காணாமல் போனது. ரோமன் எழுத்தில் ண, ந, ன மூன்றும் ஒன்றுதான். படிப்பதற்குக் 'குமானான்' என்றும் வரும், 'கூமானன்' என்றும் வரும். குமணன் என்று வர வேண்டுமானால் படிப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மாதிரிப் பெயர்கள் நம் தோட்டங்களுக்கு வந்த வழி சற்று நீளமானது. 1916இல் வேதாசலம் தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டபோது தமிழகத்தில் தொடங்கிய தனித்தமிழ் உணர்வும், பெரியார் 1929 இறுதியிலும் 1954இலும் மலாயாவுக்கு வந்துபோன சூடும், சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி போன்றோரின் சீர்திருத்தப் பேச்சும் சேர்ந்து, காவல் தெய்வத்தின் பெயரைச் சுமந்த தகப்பன்களுக்கு இளங்கோ, செழியன், மணிமாறன், தமிழ்ச்செல்வன் என்று பிள்ளைகளைக் கொடுத்தன. ஆசிரியராக முப்பது ஆண்டுகள் நான் எழுதிய வருகைப் பதிவேடுகளில் இவர்கள் எல்லாரும் இருந்தார்கள். பாரி இருந்தான்; அதியமான் ஒருவன் இருந்தான், மிகவும் குறும்பு. ஒரு குமணன்கூட வந்ததில்லை.

ஏன் வரவில்லை என்பதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். முதல் காரணம் மனப்பாடம் என்று நினைக்கிறேன். பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி என்று கடையெழு வள்ளல்களைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். குமணன் அந்தப் பட்டியலில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த எழுவரையும் வரிசையாகச் சொல்லும் புறநானூற்று 158ஆம் பாட்டே குமணனைப் பாடியதுதான். எழுவரும் மாய்ந்த பிறகு இரப்போர் துயர் தீர்க்க நீ ஒருவன் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டு வந்தேன் என்று முதிர மலைக்குரிய அவன் முன்னால் நின்று சொல்கிறார் பெருஞ்சித்திரனார். அதாவது பாட்டு எட்டாவது ஆளுக்காகப் பிறந்தது; நாம் முதல் ஏழு பேரை எடுத்துக்கொண்டு, யாருக்காகப் பாடினாரோ அவனை வாசலிலேயே விட்டுவிட்டோம்.

இரண்டாவது காரணம் அவன் கதை. தம்பி இளங்குமணனிடம் நாட்டை இழந்து காட்டில் கிடந்தவன் அவன். அங்கேயும் தேடிக்கொண்டு போகிறார் பெருந்தலைச் சாத்தனார். சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்துக் கிடக்கிறது, பாலற்ற மார்பைச் சுவைத்துப் பார்த்துவிட்டுக் குழந்தை தாயின் முகம் பார்க்கிறது, கண்ணீர் நிறைந்த அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நான் உன்னிடம் வந்தேன் என்கிறார். இந்த 164ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போது ஒருமுறையும் என் குரல் ஒழுங்காக இருந்ததில்லை. கொடுக்க ஒன்றுமில்லாத குமணன், பரிசில் பெறாமல் புலவர் திரும்புவது நாட்டை இழந்ததைவிடக் கொடியது என்று எண்ணித் தன் தலையைக் கொடுக்க வாளை நீட்டினான் என்கிறது அடுத்த பாட்டு. அந்த வாளோடு போய்த் தம்பியின் முன் நின்றார் புலவர். 'அந்தநாள் வந்திலை அருங்கவிப் புலவோய்' என்ற தனிப்பாடல் வழியாக வாய்மொழியிலும் இக்கதை உலவியிருக்கிறது, 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்ட பிறகு எழுத்தறிந்த எவரும் மூலத்தையே படிக்கலாம் என்றாயிற்று. ஆனாலும், தம்பியிடம் தோற்றவன் பெயரைத் தலைப்பிள்ளைக்கு வைக்க எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? என் அம்மாவே அழுதாராம். என் தம்பி பிறந்தபோது இன்னும் கொஞ்சம் அழுதாராம். (அவன் இன்றுவரை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு சைக்கிள் மட்டுமே.)

மூன்றாவது காரணம் கூமான். இதை நான் சிறிதாக்கிக் காட்ட விரும்பவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் குமணனாக இருந்தவன் இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் நாளில் கிருமியானேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். மூன்றாம் படிவத்தில் ஒரு மலாய் மொழி ஆசிரியை, பழமொழி நடத்தும்போது என்னை எழுப்பி நிறுத்தி, "கூமான் டி செபெராங் லாவுட் நம்பாக், காஜா டி பெலுபுக் மாத்தா தீடாக் நம்பாக்" என்று சொன்னார்: கடலுக்கு அப்பால் உள்ள கிருமி தெரிகிறது, கண்ணிமை மேல் நிற்கும் யானை தெரியவில்லை. வகுப்பே சிரித்தது. பிறகு அவர் என்னிடம், உன் பெயருக்கு உங்கள் மொழியில் என்ன பொருள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த உடைந்த மலாயில் வாளையும் தலையையும் காளான் பூத்த அடுப்பையும் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு சிரிப்பு நிற்கவில்லைதான், ஆனால் பக்கத்தில் இருந்தவன் மட்டும், "தலை கடைசியில் என்ன ஆனது?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தான். இன்றுவரை நண்பன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சிப்புட் என்றால் நத்தை. ஊருக்கே நத்தையாறு என்று பெயர் இருக்க, அதை வெட்கமில்லாமல் முகவரியில் எழுதுகிறோம். நாட்டின் அமைச்சராக இருந்த தமிழர் துன் சம்பந்தன் அவர்கள் பிறந்த ஊர் என்று பெருமையும் பேசுகிறோம். ஒரு பையன் பெயரில் கிருமி ஒலித்தால் மட்டும் ஊர் தாங்காதா?

சம்பந்தி அம்மா இதற்கு மறுப்பாக ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். எண்கணிதம் பார்ப்பவர் எழுதிக் கொடுத்ததாம். பன்னிரண்டு பெயர்கள், பாதி 'ஷ்' என்று முடிகின்றன, மீதி 'ஷ்' என்று தொடங்குகின்றன. இரண்டு பெயர்களில் ரோமன் எழுத்து ஒன்று கூடுதலாக இருந்தது. கூட்டுத்தொகை சரியாக வருவதற்காக. தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதி, அந்த எழுத்துகளை எண்ணி, அதில் பிள்ளையின் தலையெழுத்தைக் காண்பது எந்தச் சாத்திரம் என்று கேட்க நினைத்து, உறவு கருதிக் கேட்காமல் விட்டேன். இங்கே எழுதிவிட்டேன், அவர் முகநூலில் இல்லை. மருமகளின் மறுப்பு அதைவிட நியாயமானது: "மாமா பேரைச் சொல்லிப் பிள்ளைய எப்படி மாமா திட்டுறது?"

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது வேறு. என் மகன், "நம்ம பேரு யார்கிட்டயும் இல்லப்பா, அதுதான் கெத்து" என்று சொன்னபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அபூர்வம் என்பதற்காக ஒரு பெயரை வைப்பதும், எல்லாரும் வைக்கிறார்கள் என்பதற்காக வைப்பதும் ஒரே பழக்கத்தின் இரு கைகள்தாம். சொல்லப்போனால் இன்றைக்கு இந்த வட்டாரத்துப் பாலர் பள்ளிகளில் உண்மையிலேயே அபூர்வமான பெயர் குமணன் ஆகாது, மாரிமுத்துதான். நான் ஓய்வு பெற்றது வரை என் கடைசிப் பத்து ஆண்டுப் பதிவேடுகளில் மாரிமுத்து தகப்பன் பெயராகத்தான், 'த/பெ'வுக்கு (தந்தை பெயருக்கு) அடுத்துதான் வந்தார். பிறகு அங்கேயும் வரவில்லை. செம்பனைக்காக (எண்ணெய்ப் பனைக்காக) ரப்பர்க் காட்டை அழித்தபோது லயங்கள் போயின, மாரியம்மன் கோயில்கள் சில இடம் பெயர்ந்தன, அவற்றோடு அந்தப் பெயரும் போனது. அதைப் போக்கியதில் என் அப்பாவுக்கும் பங்கு உண்டு, அவருடைய புறநானூற்றுக்கும் பங்கு உண்டு. மாரிமுத்து என்பது கூலிக்காரன் பெயர் என்று அவர் ஒருநாள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தாத்தா அப்போது திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். வள்ளலின் பெயரை வைத்தது சரி. வைத்த விதத்தில் ஒரு கணக்கு இன்னும் நேராகவில்லை என்றே எனக்குப் படுகிறது.

இதை மகனிடம் சொன்னேன். பெயர் என்னவாக இருந்தாலும் மாரிமுத்து யார் என்பதையும் குமணன் யார் என்பதையும் பிள்ளைக்குச் சொல்ல முடிந்தால் வை, முடியாவிட்டால் பட்டியலில் உள்ள பன்னிரண்டில் ஒன்றை வை, எனக்கு வருத்தமில்லை என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. அப்பாவின் பழைய புறநானூற்றை அலமாரியிலிருந்து எடுத்து, 158, 164, 165 ஆகிய மூன்று பாட்டுகளின் உரையையும் படமெடுத்துக் குழுவில் போட்டான். 158ஆம் பாட்டின் ஓரத்தில் நான் பிறந்த தேதி பென்சிலால் எழுதப்பட்டிருப்பதை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

இரண்டு நாள் குழுவில் ஒரு சத்தமும் இல்லை. பதிவு செய்ய 60 நாள் இருக்கிறது என்பதால் யாரும் அவசரப்படவில்லை. நேற்று இரவு சம்பந்தி அம்மாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. அவரும் தோட்டத்தில் பிறந்தவர். சிறுவயதில் ஏழு பிள்ளைகளுக்கு ஒரு சட்டிக் கஞ்சியைப் பங்கு வைத்ததைப் பற்றி எப்போதாவது சொல்வார். "அடுப்புல காளான் பூத்துச்சுன்னு எழுதியிருக்கே சம்பந்தி, அத ரெண்டு தடவ படிச்சேன். சரி, இந்தப் பேரே இருக்கட்டும். ஆனா ஸ்கூல்ல எவனாச்சும் என் பேரன கூமான்னு கூப்பிட்டா, நீங்க கத சொல்லிக்கிட்டு நிக்காதீங்க, எனக்கு ஃபோன் பண்ணுங்க. நான் வந்துடுறேன்."