அந்தப் பெரியவர் சாப்பிடும் முன் ஜெபம் செய்ததில் என்ன சிரிப்பு?

இரண்டு நாளாக எல்லாருடைய டைம்லைனிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவை நான் இங்கே மறுபடியும் பகிரப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்தில் சாலையோர உணவகம். தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு, தட்டுக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபம் செய்யும் ஒரு வயதானவர். பின்னணியில் நம்ம ஊர்த் தம்பியின் குரல், "லோடிங்... லோடிங்..." என்று. அவர் ஆமென் சொன்னதும் மேசை முழுக்கச் சிரிப்பு. கீழே சிரித்து கமெண்ட் போட்டவர்களில் எனக்கு நெருக்கமானவர்களும் இருக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

தம்பி, அவர் நடுநடுவே நிறுத்தியது வார்த்தை மறந்து இல்லை. மூச்சு வாங்க.

அவரை எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மாநிலத்தின் தெற்குப் பக்கம், ஒரு மருத்துவமனையின் நுரையீரல் பிரிவில்தான் வேலை செய்கிறேன். அந்த நிறுத்தத்தைத் தினமும் கேட்கிறேன். நாலு வார்த்தை, ஒரு மூச்சு. மூன்று வார்த்தை, ஒரு மூச்சு. வீடியோவில் அவர் கை கோக்கும்போது விரல் முட்டிகளில் நீலப் புள்ளிகள் தெரிகின்றன பாருங்கள். பச்சை குத்தியது இல்லை. சுரங்கத்தில் அடிபட்ட காயத்துக்குள் நிலக்கரித் தூள் போய், அப்படியே மேலே தோல் மூடிக்கொண்ட தழும்பு. இங்கே பழைய தொழிலாளிகள் பலர் கையில், நெற்றியில் அது இருக்கும். சோப்பு போட்டாலும் போகாது.

கும்பிடுகிற மனிதனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

நான் நெய்வேலிக்காரி. அப்பா சுரங்கத்தில் ஷிப்டுக்குப் போனவர். இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது சாமி படத்துக்கு முன்னால் நின்று நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு, எங்கள் நெற்றியிலும் ஒரு கீற்று இழுத்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். அந்த நேரத்தில் அம்மா பேசமாட்டாள், நாங்களும் பேசமாட்டோம். அதை ஒருவன் படம் பிடித்து "லோடிங்" என்று போட்டிருந்தால் நம் ஊர் சும்மா இருந்திருக்குமா? சுரங்கத்துக்குள் போகிறவனுக்குத் திரும்பி வருவது நிச்சயம் இல்லை. நெய்வேலியில் மேலே வானமாவது தெரியும். இங்கே மலைக்கு உள்ளே போகிறார்கள்.

இந்த மாநிலத்துக் கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். 1907-ல் மோனாங்கா சுரங்கத்தில் 360 பேருக்கு மேல் ஒரே நாளில் செத்தார்கள். 1968-ல் ஃபார்மிங்டனில் 78 பேர். அதில் 19 பேரின் உடல்கூட வெளியே வரவில்லை. அவ்வளவு பேர் செத்த பிறகுதான், 1969-ல், உருப்படியான சுரங்கப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. 2010 ஏப்ரல் 5, அப்பர் பிக் பிராஞ்ச், 29 பேர். முந்தின நாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் சர்ச்சுக்குப் போய், குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வேலைக்கு இறங்கியவர்கள். பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்ததாக அந்த நிறுவனத்தின் தலைவருக்குக் கிடைத்த தண்டனை ஒரு வருஷம். அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் அதற்கு மேல் இடமே இல்லை.

சாகோ சுரங்கத்தைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது. 2006 ஜனவரி 2 காலையில் வெடிப்பு. 13 பேர் வெளியே வரவில்லை. குடும்பங்கள் எல்லாம் பக்கத்தில் இருந்த பாப்டிஸ்ட் சர்ச்சில் காத்துக்கிடந்தன. மறுநாள் நள்ளிரவு நெருங்கும்போது 12 பேர் உயிரோடு இருப்பதாகச் செய்தி வந்தது. சர்ச் மணி அடித்தார்கள், பாடினார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்துத்தான் சொன்னார்கள், பிழைத்தது ஒருவர் மட்டும் என்று.

பிழைத்த அந்த இளைஞர் பின்னால் குடும்பங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆபத்தில் மாட்டிக்கொண்டால் மூச்சு விடக் கொடுத்திருந்த கருவிகளில் குறைந்தது நாலு வேலை செய்யவில்லை. இருந்ததைப் பகிர்ந்துகொண்டார்கள். மேலே இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று சம்மட்டியால் அடித்தார்கள், பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அவர்களில் ஒருவர் ஜெபத்தைச் சொல்லச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். இன்னொரு கடிதம் செத்துப்போன ஒருவர் கையெழுத்தில் கிடைத்தது. கஷ்டமாக இல்லை, தூங்கிப்போனேன், எல்லாரையும் அந்தப் பக்கத்தில் பார்க்கிறேன் என்று வீட்டுக்கு எழுதியிருந்தார்.

காற்று தீர்ந்துபோகும் நேரத்தில் இவர்களிடம் மிச்சம் இருந்தது அந்த ஜெபம்தான். அதைத்தான் உணவகத்தில் ஒருவர் தட்டுக்கு முன்னால் சொன்னார். அதைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள்.

"அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் தெரியுமா அக்கா?" என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். தெரியாது. ஊகிக்க முடியும். 2012-இலிருந்து நடந்த எல்லா அதிபர் தேர்தலிலும் இங்கே 55 மாவட்டங்களும் குடியரசுக் கட்சிக்குத்தான் போயிருக்கின்றன. இதே மாநிலம் 1996 வரைக்கும் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1921-ல் பிளேர் மலையில் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, சங்கம் வைக்கும் உரிமைக்காகத் துப்பாக்கியோடு ஆயிரக்கணக்கில் மலையேறிய சுரங்கத் தொழிலாளிகளின் பேரன்கள் இவர்கள். ஓட்டு ஏன் மாறியது என்று கேட்டால் பேசலாம். எனக்கே அதில் கோபம் இருக்கிறது. பாறைத் தூசியைக் குறைக்கும் விதி 2024-ல் வந்தது, 2025-ல் அமலாகாமல் தள்ளிப்போனது. என் பிரிவுக்கு வருகிறவர்களின் நெஞ்சில்தான் அந்தத் தூசி போய் உட்காரப் போகிறது. இங்கே 25 வருஷம் உள்ளே வேலை செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கறுப்பு நுரையீரல் நோய். நல்ல கரி தீர்ந்துபோய்ப் பாறையையும் சேர்த்து வெட்டுவதால் இப்போது நாற்பது வயதுக்காரர்களுக்கே வருகிறது. இதையெல்லாம் வைத்து அவரோடு சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். கும்பிடுவதை விட்டுவிடுங்கள்.

"நிறவெறி பிடித்தவர்களுக்கு வக்காலத்தா?" இது இன்னொரு கேள்வி. கடைவாசலில் என்னைப் பார்த்து உன் நாட்டுக்குப் போ என்று கத்தியவன் உண்டு. மறைக்கவில்லை. ஆனால் நியூஜெர்சியில் 1987-ல் பொட்டு வைக்கிறவர்கள் என்று இந்தியர்களைத் தேடிப்பிடித்து அடித்தார்கள், ஒருவரைக் கொன்றே போட்டார்கள். அது மலைக்காடு இல்லை, நியூயார்க்கிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வருகிற ஊர். அதை வைத்து நியூஜெர்சிக்காரர்கள் எல்லாரையும் அப்படிச் சொல்கிறோமா? அங்கேதானே வரிசையாக வீடு வாங்குகிறோம்.

அப்புறம் "மதம் பரப்பத்தான் அன்பு காட்டுகிறார்கள்" என்கிறவர்களுக்கு. என்னையும் ஒருமுறை சர்ச்சுக்கு வரச்சொல்லிக் கேட்டார்கள். எனக்கு என் சாமி போதும் என்றேன். சரி என்று விட்டுவிட்டார்கள். அதோடு முடிந்தது.

முடியாதது எது தெரியுமா? கொரோனா நேரத்தில் அம்மா போனாள். விமானம் கிடையாது, ஊருக்குப் போக வழியே இல்லை. வாட்ஸ்அப்பில் தகனம் பார்த்தேன். பெரிய ஊர்களில் இருக்கும் நம் ஆட்கள் எல்லாரும் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் இருந்தார், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு. எங்கள் வாசலில் எட்டு படி. நாலு படி ஏறி நின்று மூச்சு வாங்கி, மிச்ச நாலு படி ஏறினார். மனைவி கொடுத்தனுப்பிய பீன்ஸும் சோள ரொட்டியும் கையில். நான் கறி சாப்பிட மாட்டேன் என்று ஞாபகம் வைத்து, பன்றிக்கறி போடாமல் தனியாக வேகவைத்த பீன்ஸ். திண்ணையில் தள்ளி நின்று, "உன் அம்மாவுக்காக நான் ஜெபம் செய்யலாமா?" என்று அனுமதி கேட்டார். அம்மா பெயரைக் கேட்டு, எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி, சட்டைப்பையில் இருந்த துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். சர்ச்சில் வாராவாரம் வாசிக்கும் பட்டியலில் அந்தப் பெயர் ரொம்ப நாள் இருந்தது. நெய்வேலியில் பிறந்து நெய்வேலியிலேயே செத்தவளுக்காக, இந்த மலைக்குள் முகம் தெரியாதவர்கள் வேண்டிக்கொண்டார்கள்.

இதற்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?

இந்தப் பக்கத்து ஊர்களில் வேறு எதுவும் மிச்சம் இல்லை. மெக்டவல் மாவட்டத்தில் 1950-ல் ஏறக்குறைய 1 லட்சம் பேர் இருந்தார்கள், 2020-ல் 20,000 பேர்கூட இல்லை. 2016-ல் அங்கே இருந்த வால்மார்ட்டும் போய்விட்டது. அப்போது சுமார் 400 பேர் வாழ்ந்த கெர்மிட் என்ற ஊரில் ஒரே மருந்துக்கடைக்கு இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய 90 லட்சம், போதை தரும் வலி மாத்திரைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முதுகு ஒடிய உழைத்தவனிடம் வலிக்கு மாத்திரை என்று கொடுத்து, ஒரு தலைமுறையையே அதில் விழவைத்தார்கள். அப்பனும் அம்மாவும் அதில் போய், பேரப்பிள்ளைகளை மறுபடியும் முதலிலிருந்து வளர்க்கும் தாத்தா பாட்டிகள் எத்தனை பேர் என் பிரிவுக்கு வருகிறார்கள். ஆக்ஸிஜன் உருளையை ஒரு கையில் இழுத்துக்கொண்டு, மறுகையில் ஏழு வயதுப் பேத்தியைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பிள்ளைக்குப் பள்ளி விடுமுறையில் சோறு போடுவது சர்ச். வெள்ளம் வந்தால் சேறு வாருவது சர்ச். மான் வேட்டைக் காலத்தில் கறியை வெட்டிப் பொட்டலம் கட்டி, வேட்டைக்குப் போக உடம்பில் தெம்பில்லாத வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அதே சர்ச் ஆட்கள்தான். கடை போனது, சுரங்கம் போனது, டாக்டர்கூடப் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டார். புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டம் மட்டும் நிற்கவில்லை. எதற்கு இன்னும் கும்பிடுகிறார்கள் என்று கேட்கிறீர்களே, வேறு எங்கே போகச் சொல்கிறீர்கள் அவர்களை?

தமிழ்ச் சங்க விழாக்களுக்கு மணிக்கணக்கில் கார் ஓட்டி வருகிறேன். "இன்னும் அந்தக் காட்டிலேயா இருக்கீங்க?" என்று முதல் கேள்வி. அடுத்தது, "அங்கே எல்லாம் படிக்காதவங்கதானே?" சிரித்துச் சிரித்தே இத்தனை வருஷம் பதில் சொல்லியிருக்கிறேன். இனி சிரிக்க மாட்டேன். என் அப்பாவும் பெரிய படிப்பு படிக்கவில்லை. அவர் ஷிப்டுக்குப் போன காசில்தான் நான் படித்தேன், விமானம் ஏறினேன், உங்கள் பக்கத்தில் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

கமெண்ட் திறந்துதான் இருக்கிறது. அந்தப் பெரியவரின் ஓட்டைப் பற்றி, இந்த ஊர் அரசியலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். டியூட்டி முடிந்து வந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன். அவர் கும்பிட்டதைக் கிண்டல் செய்து ஒரு வார்த்தை வந்தாலும் நட்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.