தோத்தா கேம், ஜெயிச்சா திறமை

அக்கா மகன் கைப்பந்து ஆடுகிறவன். பதினேழு வயது, ஆறடிக்கு மேல் உயரம், இடது கைக்காரன். போன வாரம் ஒரு போட்டியில் அரையிறுதியோடு திரும்பி வந்தான். ஐந்தாவது செட்டில் 13-15. அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு வந்துவிட்டது. "பொழுதன்னைக்கும் போன்ல சுட்டுக்கிட்டே கெடந்தா பந்து எங்க கண்ணுக்குத் தெரியும்?" எழுதியவர் எங்கள் பெரியப்பா. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். பையனும் அந்தக் குழுவில்தான் இருக்கிறான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மூன்று மாதம் முன்பு இதே பையன் கோப்பையோடு வந்தான். அப்போதும் இதே போன், இதே பிஜிஎம்ஐ துப்பாக்கிச் சண்டை கேம். இறுதிப் போட்டிக்கு முந்தின ராத்திரியும் ஆடியிருக்கிறான், என்னிடம் மட்டும் சொன்னான். அன்றைக்குப் பெரியப்பா எழுதியது: "அப்படியே அவங்க தாத்தா உடம்புவாகு."

குழுவில் பதில் போட்டால் தீபாவளி வரைக்கும் இழுக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பெரியப்பா தோனி பக்தர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023 ஜூனில் தோனி விமானத்தில் உட்கார்ந்து டேப்லெட்டில் கேண்டி கிரஷ் ஆடுகிற வீடியோ சுற்றியதே, அதை எனக்கு அனுப்பியவர் அவர்தான். "எவ்ளோ எளிமை பாரு" என்று ஒரு வரி வேறு. சென்னை அணி ஐந்தாவது ஐபிஎல் கோப்பையை வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத நேரம். அந்த வீடியோவால் மூணே மணி நேரத்தில் லட்சக்கணக்கான பேர் கேமை இறக்கினார்கள் என்று ஒரு போலிக் கணக்கு கிளப்பிவிட்டது. அதையும் அனுப்பினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோற்றால் மட்டும்தான் கேம் மேல் பழி விழுகிறது என்பது என் கட்சி. அதற்கு ஒரே ஒரு சாட்சி போதும் என்றால் ஃபார்முலா 1 கார்ப் பந்தய வீரர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனைத்தான் கூப்பிடுவேன்.

2024 மே. இத்தாலியில் இமோலா பந்தயம். சனிக்கிழமை தகுதிச் சுற்றில் அவர்தான் முதலிடம், அதுவும் தொடர்ந்து எட்டாவது முறை. பழைய சாம்பியன் அயர்ட்டன் சென்னாவின் சாதனையைத் தொட்டாயிற்று. வேறு யாராக இருந்தாலும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார்கள். இவர் போய் சிமுலேட்டரில் உட்கார்ந்தார். ஐரேசிங் என்ற கணினிக் கார்ப் பந்தய கேமில் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயம் அதே வார இறுதியில் நடந்துகொண்டிருந்தது. ஒரு காரைச் சில பேர் முறை வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ராத்திரியில் தன் முறை வந்தபோது இவரும் ஓட்டினார். இவருடைய டீம் ரெட்லைன் அந்தத் திரைப் பந்தயத்தை ஜெயித்தது. ஞாயிறு மதியம் நிஜக் காரில் ஏறினார், மெக்லாரன் அணியின் நாரிஸ் ஒரு விநாடிகூட இல்லாத இடைவெளியில் துரத்த, அதையும் ஜெயித்தார். மறுநாள் எல்லா இடத்திலும் ஒரே புகழ்ச்சி. என்ன வெறி, என்ன அர்ப்பணிப்பு, இந்த ஆளுக்கு ரத்தமே பெட்ரோல்தான் என்று.

இரண்டே மாதம். ஜூலை 21, ஹங்கேரி. முந்தின ராத்திரி மூணு மணி வாக்கில் வரை அதே ஐரேசிங், இந்த முறை ஸ்பா தடத்தில் 24 மணி நேரப் பந்தயம். மறுநாள் பந்தயத்தில் டயர் மாற்ற நிற்கிற பிட் நிறுத்தக் கணக்கில் எதிராளிகள் ஹாமில்டனும் லெக்லெர்க்கும் முந்திக்கொண்டார்கள். ரேடியோவில் தன் குழுவையே திட்டினார். கடைசியில் ஹாமில்டன் காரோடு உரசி ஐந்தாவது இடம். ஜெயித்தவர் மெக்லாரனின் பியாஸ்ட்ரி, அவருக்கு அதுதான் முதல் ஃபார்முலா 1 வெற்றி. மெக்லாரன் அன்று வேகமாக இருந்தது, முதல் இரண்டு இடமும் அவர்களுக்கே போனது. ஆனால் மறுநாள் பேச்சு எதைப் பற்றி? ராத்திரி மூணு மணி. "தூங்காதவன் இப்படித்தான் கத்துவான்." மே மாதம் அர்ப்பணிப்பாக இருந்த அதே நாற்காலி ஜூலையில் பொறுப்பின்மை ஆகிவிட்டது.

அடுத்த பந்தயத்துக்கு வந்தபோது அவரிடம் இதைக் கேட்காத நிருபர் இல்லை. மூன்று முறை உலக சாம்பியன் ஆனவனுக்குத் தனக்கு எது ஒத்துவரும், எது வராது என்று தெரியாதா என்கிற தொனியில்தான் பதில் சொன்னார். அந்த வருடமும் சாம்பியன் அவர்தான். நவம்பரில் பிரேசில் மழையில் 17-ஆவது இடத்திலிருந்து கிளம்பி ஜெயித்தாரே, அந்தப் பந்தயத்துக்கு முந்தின ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேட்டவர் யாராவது உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை.

சிமுலேட்டர் என்றால் பெரியப்பா நினைக்கிற மாதிரி கட்டைவிரலால் அமுக்குகிற சமாச்சாரம் இல்லை. தடத்தை லேசரால் அளந்து, மேடு பள்ளம் வரைக்கும் திரைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஸ்டீயரிங் கையை முறுக்கும், பிரேக்கை நிஜமாகவே மிதிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் வெர்ஸ்டாப்பன் ஜெர்மனியில் இருக்கிற நிஜமான நூர்பர்க்ரிங்கில், 20 கிலோமீட்டருக்கு மேல் நீளமான அந்த மலைத் தடத்தில், ஃபெராரி ஜிடி3 ஓட்டி ஜெயித்தார். அங்கே ஓட்டத் தனி அனுமதி வேண்டும். அதற்காக உலக சாம்பியன் சில வாரம் முன்னால் சக்தி குறைத்த போர்ஷே ஒன்றை ஓட்டிக் காட்டி, கற்றுக்குட்டி மாதிரி அனுமதி வாங்கினார். கூட ஓட்டியவர் கிறிஸ் லுல்ஹம். சிமுலேட்டர் பந்தயத்தில் பேர் எடுத்து நிஜக் காருக்கு வந்த பையன்.

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். "பாத்தீங்களா, கேம் ஆடினா திறமை கூடும்" என்று எழுதிவிட்டு அழித்தேன். அதுவும் பெரியப்பா கணக்குதான், தலைகீழாகப் போட்ட கணக்கு. கார் ஓட்டுகிறவன் கார் கேம் ஆடினால் உதவலாம். கைப்பந்து ஆடுகிறவனுக்கு பிஜிஎம்ஐ என்ன உதவி செய்யும்? ஒன்றும் செய்யாது. செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. அவனுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

டேவிட் பிரைஸ் கதை இதைவிடச் சுவாரசியம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியின் பிட்சர், அதாவது பந்து எறிகிறவர். ஏழு வருடத்துக்கு 217 மில்லியன் டாலர் ஒப்பந்தம். 2018 மே மாதம் யாங்கீஸ் அணிக்கு எதிராக எறிய வேண்டிய நாளில் கை மரத்துப்போகிறது என்று விலகினார். மணிக்கட்டு நரம்புக் கோளாறு, லேசானதுதான் என்றார்கள். அவர் உடைமாற்றும் அறையில் சக வீரர்களோடு ஃபோர்ட்நைட் என்ற வீடியோ கேம் ஆடுகிறவர் என்பது ஊருக்கே தெரியும். பாஸ்டன் ரசிகர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், நம் ஐபிஎல் ரசிகர்கள் பரவாயில்லை. வறுத்தெடுத்தார்கள். கேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்ன பிரைஸ், ஆனாலும் இனி மைதானத்தில் ஆடமாட்டேன் என்று இறங்கி வந்தார்.

அதே வருடம் அக்டோபர். அதுவரை பிளேஆஃப் ஆட்டங்களைத் தொடங்கி எறிந்து ஒரு வெற்றிகூட இல்லாத மனுஷன் அவர், ஒன்பது தோல்வி. ஹூஸ்டன் அணியை வீழ்த்தி அதை உடைத்தார். பிறகு இறுதிப் போட்டியான உலகத் தொடரில் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக இரண்டாவது ஆட்டம் அவருடையது, கோப்பையைத் தீர்மானித்த ஐந்தாவது ஆட்டமும் அவருடையது. மே மாதத்தில் ஃபோர்ட்நைட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் அக்டோபரில் அதன் பேரையே எடுக்கவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். பாதி வெளியூர். ராத்திரி ஆட்டம் முடிந்து ஹோட்டல் அறைக்கு வந்தால் உடம்பு ஓய்ந்திருக்கும், மனசு ஓயாது. முந்தைய தலைமுறை அந்த நேரத்தை எங்கே கழித்தது என்பதைப் பழைய வீரர்களே கதை கதையாகச் சொல்வார்கள், பெரும்பாலும் மதுக்கடையில் தொடங்கும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அறைக்குள் கிடக்கிறவனைப் பார்த்து எந்த மேலாளராவது கவலைப்பட்டால் அவருக்கு வரலாறு தெரியாது என்று அர்த்தம்.

நியாயத்துக்காக எதிர்க்கட்சி சாட்சியையும் கூப்பிடுகிறேன். ஜோயல் ஜுமாயா. இவரும் பேஸ்பால் பிட்சர், டெட்ராய்ட் டைகர்ஸ், 2006. மணிக்கு 100 மைல் வேகத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டி எறிந்த இளைஞர். அரையிறுதிக்குச் சமமான ஓக்லண்ட் தொடரில் முன்கை வலியால் மூன்று ஆட்டம் உட்கார வேண்டி வந்தது. காரணம் பந்து இல்லை, கிதார் ஹீரோ! பொம்மை கிதாரைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டுக்கு ஏற்பத் தட்டுகிற கேம். பந்து எறிவதால் வரக்கூடிய வீக்கம் மாதிரி இது இல்லையே என்று அணியின் மருத்துவக் குழு துருவியபோது வெளியே வந்தது. அடுத்து வந்த கிதார் ஹீரோ பாகத்தின் கடைசியில், பேர்ப் பட்டியலில், ஜுமாயாவைக் கிண்டலடித்து ஒரு வரி போட்டார்கள். இங்கே கேம்தான் குற்றவாளி, சந்தேகமே இல்லை. ஆனால் கவனியுங்கள், அவர் தோற்ற பிறகு கட்டிய கதை இல்லை இது. வலி எந்த இடத்தில் என்று பார்த்துக் கண்டுபிடித்தது. எங்கள் பெரியப்பா பையனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு அந்த வரியை எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

என் சொந்தக் கதை ஒன்று. நானும் கல்லூரி அணியில் ஆடியவன்தான். பையில் முட்டிக்காப்பு, துண்டு, அதற்கடியில் முத்து காமிக்ஸ் இரண்டு இருக்கும். ஒரு தோல்விக்குப் பிறகு எங்கள் பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் பையைக் கவிழ்த்து, "பொம்மை புக்கு படிக்கிறவன்லாம் பிளாக் பண்ண வந்துட்டான்" என்றார். அடுத்த மாதம் ஜெயித்துத் திரும்பிய ரயிலில் அதே மனுஷன் என் எதிர் இருக்கையில் உட்கார்ந்து, "அந்தப் புக்கு வச்சிருக்கியா தம்பி" என்று வாங்கிப் படித்தார். திருப்பித் தரவில்லை. இன்றுவரை.

கைலர் மர்ரே விஷயத்தில் நான் இரண்டு மனசாக இருக்கிறேன். அப்போது அரிசோனா கார்டினல்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவர். கால் ஆஃப் டூட்டி கேம் வெறியர், ஃபேஸ் கிளான் என்ற கேமிங் கூட்டத்திலேயே உறுப்பினராக இருந்தார். 2022 ஜூலையில் ஐந்து வருடத்துக்கு 230.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு ஷரத்து: ஆட்டம் உள்ள வாரங்களில் நான்கு மணி நேரம் அவரே உட்கார்ந்து எதிரணி ஆட்டத்தைப் படிக்க வேண்டும், அந்த நேரத்தில் டிவி, வீடியோ கேம், இணையம் மேய்வது இதெல்லாம் இருந்தால் அந்த மணிநேரம் கணக்கில் சேராது. பள்ளிக்கூடப் பையனுக்கு வீட்டுப்பாடம் கொடுத்த மாதிரி. செய்தி கசிந்ததும் சிரிப்பாய்ச் சிரித்தார்கள், சில நாளில் ஷரத்தையே எடுத்துவிட்டார்கள். அவமானம்தான். அதே சமயம் அவ்வளவு பணம் கொடுக்கிறவன் "நாலு மணி நேரம் வேலையைப் பார்" என்று கேட்பது அநியாயமா? இல்லை. எனக்கு உறுத்துவது, கேம் என்று பேர் சொல்லி எழுதியதுதான். கோல்ஃப் ஆடாதே என்று எந்த ஒப்பந்தத்திலாவது இந்த மாதிரி எழுதி நான் படித்ததில்லை. கோல்ஃப் பெரிய மனுஷன் பொழுதுபோக்கு, கன்ட்ரோலர் சின்னப் பையன் பொழுதுபோக்கு என்பது அந்த ஊரிலும் உண்டு போல.

டிம் டங்கனுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. கூடைப்பந்து வீரர், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் 19 பருவம், ஐந்து என்பிஏ கோப்பை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிரியர். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு மந்திரவாதி, போர்வீரன் என்று வேஷம் எடுத்துக்கொண்டு, தாயம் உருட்டுகிற மாதிரி பகடை உருட்டிக் கதை வளர்க்கிற ஆட்டம் அது. உடம்பில் மெர்லின் மந்திரவாதியைப் பச்சை குத்தியிருக்கிறார். ஆறடி பதினோரு அங்குல ஆளை யார் கிண்டல் செய்வது?

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஓட்டப்பந்தய வீரர் நோவா லைல்ஸ். 2024 அமெரிக்க ஒலிம்பிக் தகுதிப் போட்டி. ஓட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அறிமுகம் செய்யும்போது மற்றவர்கள் மார்பைத் தட்டுவார்கள், கையை உயர்த்துவார்கள். இவர் ஓட்ட உடைக்குள்ளிருந்து யூ-கி-ஓ என்ற பையன்கள் ஆடுகிற சீட்டாட்டத்தின் சீட்டை உருவி கேமராவுக்குக் காட்டினார். எட்டாம் வகுப்புப் பையன் கடைசி பெஞ்சில் காட்டுவானே, அப்படி. ஆகஸ்டில் பாரிஸில் 100 மீட்டர் தங்கம், 9.79 விநாடி. கிஷேன் தாம்ப்சனை முந்தியது விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அந்த ஐந்து பங்கு மறுபக்கம் சாய்ந்திருந்தால் அந்தச் சீட்டை வைத்து அவரை எப்படியெல்லாம் கிழித்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன். "சீட்டு விளையாடப் போனவன்" என்று தலைப்பே போட்டிருப்பார்கள்.

நேற்று பையனிடம் போனில் பேசினேன். கேமை விடு என்று சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முந்தின நாள் பத்தரை மணிக்குப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடு, கட்டைவிரல் வலித்தால் மறைக்காமல் சொல், இந்த இரண்டு மட்டும் என்றேன். "சரி மாமா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கடைசி பாயின்ட் லைனுக்கு உள்ளதான் மாமா விழுந்துச்சு, ரெஃப்ரி அவுட்டுன்னுட்டாரு" என்றான். குழுவில் இத்தனை பேர் எழுதினார்களே, அந்தப் பந்து எங்கே விழுந்தது என்று ஒருத்தர்கூட அவனிடம் கேட்கவில்லை.

பி.கு: இதை யாரும் குடும்பக் குழுவில் பகிர வேண்டாம். என் நண்பர் பட்டியலில் சொந்தக்காரர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.