விட்டு வந்த கூட்டம் வழிமறித்தால்

ஜூன் பிறந்தாச்சு. மலர்க் கண்காட்சிக்கு வந்த ஜனம் இறங்கி, மழை ஏறி, கல்லூரிகளும் நர்சிங் பள்ளிகளும் திறக்கிற நேரம். நீலகிரியில் மதக் கூட்டங்களுக்கு ஆள் பிடிக்கிறவர்களுக்கு இதுதான் சீசன். டூரிஸ்டுகளை அவர்கள் சீண்டவே மாட்டார்கள், ரெண்டு நாளில் மலை இறங்கிவிடுகிறவரால் என்ன பிரயோஜனம்? தேனியிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ முதன்முதலாக மேலே வந்து, குளிரும் தாங்காமல் ஹாஸ்டல் சாப்பாடும் இறங்காமல், போனில் அம்மாவிடம் அழுதுவிட்டு ஸ்வெட்டர் வாங்க ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் நடந்து வருகிற பிள்ளைதான் அவர்களுக்கு வேண்டும்.

அப்படி ஒரு கூட்டத்தில் என் கல்லூரிக் காலத்தையும் அதற்குப் பிறகு சில வருஷங்களையும் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள் நான். எந்தக் கூட்டம் என்று இங்கே எழுதப்போவதில்லை. வழக்குப் போடுவார்கள் என்பது ஒரு காரணம். பெயரை எழுதிவிட்டால் "ஓ, அவங்களா, நம்ம இடம் அப்படி இல்லப்பா" என்று மற்ற எல்லாரும் நிம்மதியாகப் போய்விடுவார்கள் என்பது இன்னொன்று.

என்னைப்போல வெளியே வந்தவர்கள் சிலர் அவ்வப்போது பேசிக்கொள்வோம். வருஷா வருஷம் இந்த மாதத்தில் ஒரே கேள்விதான் வரும்: அவங்க மறுபடி எதிர்ல வந்தா என்ன பண்றது? பெங்களூரில் இருக்கும் தோழி ரொம்ப சுலபமாகச் சொல்கிறாள், நம்பரை பிளாக் பண்ணு, அந்தப் பக்கமே போகாதே, முடிஞ்சா ஏரியா மாறிடு என்று. ஏரியா மாற இது பெங்களூரா? கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு பஸ் ஏறினால், ஒருகாலத்தில் நம் பாவ அறிக்கையை நோட்டில் எழுதி வாங்கிய அக்கா முன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். மார்க்கெட்டில் கேரட் பொறுக்கும்போது பக்கத்தில் நிற்பார். கல்யாண வீட்டில், துக்க வீட்டில், ரேஷன் கடை வரிசையில், எங்கே போனாலும் இருப்பார். மலை ஊரில் யாரையும் தவிர்க்க முடியாது. அதனால் ஓடி ஒளிவது பற்றிப் பேசாமல், எதிரில் நின்றால் என்ன செய்யலாம் என்பதைத்தான் பேச வேண்டும்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். திட்டாதீர்கள், வேத வசனத்தை வைத்து வாதாடாதீர்கள், பயந்து ஓடவும் வேண்டாம். பெயரைக் கேளுங்கள். "நீங்க எந்த அமைப்பு?" என்று, பக்கத்தில் புதுப்பிள்ளை யாராவது நின்றால் அந்தப் பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி கேளுங்கள்.

ஏன் திட்டக்கூடாது என்றால், அந்தத் திட்டு எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் கூடுகையில் அது சாட்சியாக மாறும். "பஸ் ஸ்டாண்ட்ல ஒருத்தங்க கேவலமா பேசினாங்க, ஆனா நான் சிரிச்சுட்டே நின்னேன்" என்று அந்தப் பெண் எழுந்து சொல்வாள், எல்லாரும் கை தட்டுவார்கள், சபை மூப்பர் அவள் தலையில் கை வைத்து ஜெபிப்பார். வெளியே உலகம் கல் மாதிரி இருக்கிறது, இங்கேதான் அன்பு இருக்கிறது என்று அவளுக்கு இன்னொரு தடவை நிரூபணமாகிவிடும். ஆத்தும ஆதாயம் என்று சொல்லி ஆள் சேர்க்க அனுப்புவதே அனுப்பப்படுகிறவரைக் கட்டிப்போடத்தான் என்பது என் எண்ணம். நாள் முழுக்க நின்றாலும் ஒருவர்கூடத் தேறாத நாட்கள் எத்தனையோ உண்டு, யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. நின்றோமா, அவமானப்பட்டோமா, திரும்பி வந்து அழுதோமா, அதுதான் கணக்கு.

வாதம் இன்னும் வீண். நாம் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விக்கும் பதில் அவர்கள் பையில் அச்சடித்தே இருக்கும். அந்தப் பதிலை ஒப்பிக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததே என்று சந்தோஷம்தான் படுவார்கள். பதில் இல்லாத ஒரே கேள்வி பெயர்.

முதல் சந்திப்பில் பெயரைச் சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு எழுதப்படாத சட்டம். "நண்பர்கள் குழு", "மாணவர் வட்டம்", "மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி", "ஒரு சின்ன சர்வே", இப்படி ஏதோ ஒன்று. இருவர் இருவராகத்தான் போவோம், ஒருவர் பேச ஒருவர் கவனிக்க. சர்வே தாளில் பெயர், ஹாஸ்டல், போன் நம்பர், அப்புறம் "உங்கள் வாழ்க்கையில் மாற்ற விரும்பும் ஒன்று எது?" என்று ஒரு கேள்வி. மற்றதெல்லாம் ஒப்புக்கு. அந்த ஒரு கேள்விக்குத்தான் தாளே அடித்தது. அப்பா குடிக்கிறார், அரியர் இருக்கு, ஒருத்தன் ஏமாத்திட்டான் என்று பிள்ளை எழுதிய வரி ராத்திரியே பெரிய நோட்டில் "தேவை" என்ற பத்தியில் ஏறிவிடும். ரெண்டு நாள் கழித்து அதே விஷயத்தைத் தொட்டு யாரோ பேசும்போது, கடவுளே நேரில் வந்து தன்னிடம் பேசுகிறார் என்று அந்தப் பிள்ளைக்கு உடம்பு சிலிர்க்கும். சிலிர்க்கத்தானே செய்யும்.

இது நம்ம ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. ஜப்பானில் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்பிலிருந்து வெளியே வந்தவர்கள் 1987இல் சப்போரோவில் ஒரு வழக்குப் போட்டார்கள், "இளமையைத் திருப்பிக் கொடு" வழக்கு என்றுதான் அதற்குப் பெயரே. பணத்தை மட்டும் அவர்கள் கேட்கவில்லை, போன வருஷங்களைக் கேட்டார்கள். இது மத அமைப்பு என்பதையே மறைத்து ஆள் சேர்த்தது சட்டவிரோதம் என்று 2001இல் தீர்ப்பு வந்தது, நஷ்டஈடும் கிடைத்தது. பதினாலு வருஷம் இழுத்திருக்கிறது. ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே 2022 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சுட்டவனின் அம்மா அதே சபைக்குச் சொத்தையெல்லாம் கொடுத்துக் குடும்பத்தை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்த கதை வெளியே வந்தது, அதன் பிறகுதான் அரசாங்கமே விழித்துக்கொண்டது. 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த அமைப்பைக் கலைக்க உத்தரவிட்டது. கொலையை நான் நியாயப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கிளம்பி வருவார்கள்.

1995இல் டோக்கியோ மெட்ரோவில் விஷவாயு விட்ட ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கூட்டம் முதலில் யோகா வகுப்பாகத்தான் ஆரம்பித்தது. அதன் மிச்சம் 2000இல் அலெஃப் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும், பெயரைச் சொல்லாமல் யோகா அது இது என்று ஆள் சேர்க்கிறார்கள் என்று அந்த நாட்டு அரசே எச்சரித்துக்கொண்டிருக்கிறது. தென்கொரியாவில் ஷின்சொன்ஜி என்று ஒரு மதக் கூட்டம், 1984இல் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் தேகு நகரில் அவர்களிடையே கொரோனா பரவியபோது யார் யார் உறுப்பினர் என்றே கண்டுபிடிக்க முடியாமல் அதிகாரிகள் திணறினார்கள், பலர் வீட்டுக்கே தெரியாமல் அதில் இருந்தார்கள். பெயரை மறைப்பது அங்கே கடைசியில் ஊர் சுகாதாரப் பிரச்சினையாகிவிட்டது.

சரி, நம்ம மலைக்கு வருகிறேன். போன வாரம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பெண்கள். ஒருத்தி கையில் அட்டையில் செருகின தாள். என்னை யாரென்று தெரியவில்லை, நான் இருந்த காலத்துக்குப் பிறகு வந்தவர்கள் போல. அவர்கள் பக்கத்தில் காலேஜ் அடையாள அட்டை மாட்டின ஒரு பிள்ளை, கையில் பாதி கடித்த வர்க்கி, ஏற்கெனவே தாளில் பேரெழுதி முடித்திருந்தாள்.

"அக்கா, ஒரு சின்ன சர்வேங்க்கா. அஞ்சு நிமிஷம் பேசலாங்களா?"

"பேசலாமே. எந்த அமைப்புங்க?"

"அமைப்பெல்லாம் இல்லீங்க்கா, நாங்க சும்மா ஃப்ரெண்ட்ஸ்."

"ஃப்ரெண்ட்ஸா? அப்ப இந்தத் தாளை யாரும்மா பிரிண்ட் போட்டுக் கொடுத்தது?"

பேசுகிறவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், பதில் வரவில்லை என்றால் சிரிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். கவனிக்கிறவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள், ராத்திரி நோட்டில் எழுத அடையாளம் எடுக்கிறாள். நான் வர்க்கிக்காரியிடம் மட்டும் சொன்னேன், "நான் ஒருகாலத்துல இவங்க கூட இருந்தவதான் பாப்பா. போகணும்னு தோணுச்சுன்னா போ. ஆனா பேரு என்ன, தலைவர் யாரு, வேணாம்னு தோணினா எப்படி வெளிய வர்றது, இதை மட்டும் கேட்டுட்டுப் போ." அந்தப் பெண்களிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. டீ சாப்பிடறீங்களா என்றுகூடக் கேட்டேன், வேண்டாம் என்றார்கள். அந்தப் பிள்ளை போனாளா இல்லையா தெரியாது. என் பஸ் வந்துவிட்டது.

டீக்குக் கூப்பிட்டதற்கும் காரணம் இருக்கிறது. வெளியே போனவர்களைப் பற்றி உள்ளே என்ன சொல்வார்கள் தெரியுமா? பின்மாற்றக்காரர்கள், சீரழிந்துவிட்டார்கள், வியாதி வந்தது, புருஷன் விட்டுவிட்டான், தூக்கம் இல்லாமல் அலைகிறார்கள். ஒழுங்காகச் சம்பாதித்து, தலை வாரி, கண்ணைப் பார்த்துப் பேசி, டீ வாங்கித் தர்றேன் என்று நிற்கிற ஒரு பின்மாற்றக்காரியை அந்தப் பெண்கள் எதில் எழுதுவார்கள்? சாட்சியாகச் சொல்லவும் முடியாது. மனசில் ஓரமாகக் கிடக்கும். எனக்குள்ளும் அப்படித்தான் ஒன்று கிடந்தது. கூட்டத்தை விட்டுப் போன ஒரு அண்ணன், கூடலூர்க்காரர், ஒருநாள் ரோட்டில் பார்த்து "நல்லா இருக்கியாம்மா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நான் வீட்டுக்கே போகாமல் இருந்த காலம் அது. அம்மாவுக்கு முட்டிவலி என்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். எந்தப் பிரசங்கமும் செய்யாத வேலையை அந்த ஒரு விசாரிப்பு செய்தது.

தெரிந்தவர்கள் எதிரில் வரும்போது விஷயம் வேறு, அதுதான் வலிக்கும். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், நம்மைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். திடீரென்று ஒருநாள் அவர்களே பாசமாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள், மீட்டுக்கொண்டு வரும் பொறுப்பு அந்த மாதம் அவர்கள் பெயரில் விழுந்திருக்கும். இந்த ஒதுக்கலை நம் ஊரில் யாரும் குற்றமாகவே பார்ப்பதில்லை. மகாராஷ்டிராவில் 2016இல் சமூக ஒதுக்கலுக்கு எதிராகத் தனிச்சட்டமே கொண்டுவந்தார்கள், மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். சாதிப் பஞ்சாயத்துகளை மனதில் வைத்து வந்த சட்டம்தான், ஆனாலும் ஒருவரைச் சுற்றியிருக்கும் மனிதர்களை மொத்தமாகப் பிடுங்கிவிடுவது தண்டிக்க வேண்டிய காரியம் என்று ஒரு மாநிலமாவது எழுதி வைத்திருக்கிறது.

இதை எழுதினால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். "பார்த்தீங்களா மதமாற்றக் கும்பல்" என்று தலைப்பு வைத்துப் பகிர ஆள் வருவார்கள். தயவுசெய்து வேண்டாம். என் கூட்டத்தில் இருந்த பெரும்பாலானோர் மதம் மாறவே இல்லை, ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டுப் பிள்ளைகள்தான், நானும் அப்படித்தான். தியானம், குரு, ஆசிரமம் என்று காவி பக்கத்திலும் இதே சர்வே தாளையும் இதே சிரிப்பையும் நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004இல் போனது, அது இருந்திருந்தாலும் எங்களில் ஒருவரைக்கூடக் காப்பாற்றியிருக்காது. எந்த மதத்திலிருந்து எந்த மதத்துக்கு என்பதைத்தான் அந்த மாதிரிச் சட்டம் பார்க்கும். பெயரைச் சொல்லிச் சேர்த்தார்களா, வெளியே வர வழி விட்டார்களா என்பதை யார் பார்ப்பது? தன் மதத்தைப் பரப்ப அரசியலமைப்பின் 25ஆவது பிரிவில் எல்லாருக்கும் உரிமை இருக்கிறது, நல்லது, இருக்கட்டும். ஆனால் அதே பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தில்தான் ஆரம்பிக்கிறது, ஏமாந்து முடிவெடுத்தவனுக்கு அது எங்கே இருக்கிறது?

ஒன்று மட்டும். சமீபத்தில் வெளியே வந்து, அவர்கள் குரல் கேட்டாலே கை நடுங்குகிறவர்கள் இதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை. யாரையும் காப்பாற்றுகிற கடமை உங்களுக்கு இல்லை. "டைம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வருகிற பஸ்ஸில் ஏறிவிடுங்கள், எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்க வேண்டாம்.

மற்றபடி ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்கம் ஹாஸ்டல் நடத்துகிறவர்களும் வார்டன்களும் இதைப் படித்தால் ஒரு சின்ன வேண்டுகோள். ஹாஸ்டலுக்குள் வந்து பிள்ளைகளோடு ஜெபமோ தியானமோ பயிற்சியோ நடத்த யார் அனுமதி கேட்டாலும், எந்த மதமானாலும், அமைப்பின் முழுப் பெயர், முகவரி, பொறுப்பாளர் போன் நம்பர் மூன்றையும் பதிவேட்டில் எழுதி வாங்குங்கள், அதைப் பிள்ளைகள் பார்க்கிற நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள். நல்ல எண்ணத்தோடு வருகிறவர் சந்தோஷமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். "நாங்க சும்மா ஃப்ரெண்ட்ஸ்தான் சார்" என்று ஆரம்பித்தால் கேட்டை மூடிவிட்டு, அன்றைக்கே பிள்ளைகளிடம் யார் யார் சர்வே தாளில் நம்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அதட்டாமல் கேளுங்கள். அதட்டினால் சொல்ல மாட்டார்கள்.